ஸ்ரீஜேஷைத் தெரியும், ஹாக்கி தெரியுமா? டிவி ஒரு விளையாட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

கேரளத்தைச் சேர்ந்த ஹாக்கி வீரர் ஒருத்தர் பேர் சொல்லுங்க. யோசிக்காமலே சொல்லிடுவீங்க: ஸ்ரீஜேஷ். சரி, இன்னொரு பேர்?

இங்கேதான் பலருக்கும் வண்டி நின்றுவிடும். நீங்கள் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் பக்கம் வேலை பார்ப்பவர் என்றால், பக்கத்து இருக்கை மலையாளி நண்பரிடமும் கேட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.எல். அணியின் பெஞ்ச் வரைக்கும் பேர் சொல்லக்கூடியவர், ஹாக்கியில் இரண்டாவது பேருக்கு கூகுளைத்தான் திறப்பார்.

ஒரு விளையாட்டு வேரூன்றாத ஊரில், டிவி அதற்கு என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற கேள்விக்கு இந்த ஒற்றைப் பெயர் நல்ல தொடக்கப்புள்ளி.

இந்திய ஹாக்கிக்கு என்று ஒரு வரைபடம் உண்டு. பஞ்சாபில் சன்சார்பூர், ஒடிசாவில் சுந்தர்கர், ஜார்க்கண்டில் சிம்டேகா, கர்நாடகத்தில் குடகு, நம்ம ஊரில் கோவில்பட்டி. இந்த ஊர்களுக்கு ஹாக்கியை டிவி கொண்டுவரவில்லை. டிவி வருவதற்கு முன்பே அங்கே மட்டை இருந்தது. கேரளம் அந்த வரைபடத்தில் இல்லை. அது கால்பந்து தேசம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து, உலகின் சிறந்த கோல்கீப்பர் விருதை மூன்று முறை வாங்கிய ஒருவர் வந்தார்.

47 வருஷமும் 6 நாளும்

முதலில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் கண்ணூரைச் சேர்ந்த மானுவல் ஃபிரடெரிக். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மலையாளி அவர்தான். நீங்கள் தேடிய இரண்டாவது பேர் இது. அப்போது இந்தியாவில் டிவி டெல்லியில் மட்டும்தான் இருந்தது. மும்பைக்கே அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. கண்ணூரில் யாரும் அவர் ஆடியதைப் பார்க்கவில்லை. தேசிய அளவில் தியான் சந்த் விருது அவரைத் தேடி வந்தது 2019-ல். 47 வருஷம்.

2021 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டம், ஜெர்மனிக்கு எதிராக. இந்திய நேரப்படி காலை 7 மணி. கொரோனா காலம், பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை. 1-3 என்று பின்தங்கி, பிறகு 5-4 என்று முன்னேறிய இந்தியாவுக்கு எதிராக, கடைசிச் சில விநாடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். அன்று முழுக்க எல்லாத் திரையிலும் அதுதான் ஓடியது. கேரள அரசு பரிசை அறிவிக்க ஒரு நாள், இரண்டு நாள் தாமதமானதுமே 'என்னப்பா இன்னும் ஒண்ணும் சொல்லலையே' என்று ஊரே கேட்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் 11-ம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து அறிவிப்பு வந்தது: 2 கோடி ரூபாய், கல்வித் துறையில் பதவி உயர்வு. 6 நாள்.

இரண்டும் ஒரே நிறப் பதக்கம். இரண்டு பேருமே கோல்கீப்பர்கள். இந்த வித்தியாசம் முழுக்க டிவியால் வந்தது என்று சொன்னால் அது தவறான கணக்கு. சமூக வலைதளம், 41 வருஷமாகப் பதக்கம் இல்லாத ஏக்கம், மாநிலங்களுக்கு இடையே பரிசு அறிவிப்பதில் இருக்கும் போட்டி எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனால் கண்ணால் பார்த்ததற்குத்தான் ஊர் உரிமை கொண்டாடுகிறது. பார்க்காததை ஊர் மறந்துவிடுகிறது.

(கேரளமும் கோல்கீப்பரும் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியின் கோல்கீப்பர் ஹெலன் மேரியும் கேரளத்துக்காரர்தான். மூன்றாவது பேர்.)

டிவி வந்தபோது ஹாக்கி எங்கே இருந்தது?

ஹாக்கிக்கு நேரம் சரியில்லை என்றே சொல்ல வேண்டும். எட்டு ஒலிம்பிக் தங்கங்களில் கடைசித் தங்கம் 1980 மாஸ்கோவில். 1975 உலகக் கோப்பை வெற்றியை நாடு ரேடியோவில்தான் கேட்டது. டிவி பரவலாக ஆரம்பித்தது 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி. கலர் ஒளிபரப்பு வந்ததும், திருவனந்தபுரத்துக்கு தூர்தர்ஷன் வந்ததும் அந்த ஆண்டுதான்.

அந்தப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டம், டிசம்பர் 1. எதிரணி பாகிஸ்தான். முதல் முறையாகப் பெரிய ஹாக்கி ஆட்டம் ஒன்றை நாடு கலரில் நேரலையாகப் பார்க்கிறது. ஸ்கோர்: பாகிஸ்தான் 7, இந்தியா 1.

ஏழு மாசம் கூட ஆகவில்லை, 1983 ஜூன் 25. லார்ட்ஸில் கபில் தேவ் கோப்பையைத் தூக்கினார்.

இந்திய வீடுகளுக்குள் டிவி நுழைந்த அந்த ஒரு வருஷத்தில், ஹாக்கி அதில் அவமானமாகவும் கிரிக்கெட் அதில் கொண்டாட்டமாகவும் தெரிந்தது. அதற்குப் பிறகு 2021 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கமே இல்லை. 2008-ல் தகுதி பெறவே இல்லை. 2012-ல் கடைசி இடம். அதாவது, இந்தியாவில் டிவி வளர்ந்த நாற்பது வருஷமும், ஹாக்கி பதக்கம் இல்லாமல் இருந்த நாற்பது வருஷமும் கிட்டத்தட்ட ஒன்றே. 'ஹாக்கியை டிவி கண்டுகொள்ளவில்லை' என்ற பழைய புகாரில் உண்மை இருக்கிறது. காட்டுவதற்குக் கையில் வெற்றி இல்லை என்பதும் உண்மைதான்.

கேரளத்தில் அதே தூர்தர்ஷன் வேறொன்றைச் செய்தது. 1986 மெக்சிகோ கால்பந்து உலகக் கோப்பை, மாரடோனா. கேரளத்தில் கால்பந்து அதற்கு முன்பே இருந்தது; 1973-லேயே சந்தோஷ் டிராபி வென்ற மாநிலம், மலப்புறத்தில் செவன்ஸ் ஆட்டம் திருவிழா மாதிரி நடக்கும். டிவி அங்கே புதிதாகக் கால்பந்தைக் கொடுக்கவில்லை, அர்ஜென்டினாவைக் கொடுத்தது. அதன் நீட்சிதான் 2022-ல் கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் நின்ற மெஸ்ஸி, நெய்மர் கட்-அவுட்கள். ஏற்கெனவே பந்து உருண்டுகொண்டிருந்த இடத்தில் டிவி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஹாக்கியைத் திரையில் பார்ப்பது ஏன் கஷ்டம்?

நேர்மையாகச் சொன்னால், பழைய ஹாக்கி டிவிக்கு ஏற்ற ஆட்டம் இல்லை. 91.4 மீட்டர் நீளமுள்ள மைதானத்தில், சுமார் 7 செ.மீ. அகலமுள்ள பந்து. கால்பந்து அதைப்போல மூன்று மடங்கு அகலம். டிராக் ஃபிளிக் அடித்தால் பந்து மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போகும். கோல் விழுந்ததே ரீப்ளேயில்தான் தெரியும். போதாக்குறைக்கு, நடுவர் எதற்கு விசில் அடிக்கிறார் என்பது புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாது. பந்து காலில் பட்டது, மட்டையின் பின்பக்கம் பட்டது என்று ஆட்டம் நிமிஷத்துக்கு ஒரு முறை நிற்கும்.

இதைச் சர்வதேசக் கூட்டமைப்பு நன்றாகவே புரிந்துகொண்டது. கடந்த முப்பது வருஷ விதி மாற்றங்களை வரிசையாக வைத்தால், பாதி மாற்றங்கள் கேமராவுக்காகச் செய்யப்பட்டவை போலவே இருக்கும். 1990-களின் பிற்பகுதியில் ஆஃப்சைடை எடுத்தார்கள். ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே அடித்துக்கொண்டு ஓடலாம் என்றார்கள். ஆட்டம் நிற்பது குறைந்தது. லண்டன் 2012-ல் நீலத் தரை, மஞ்சள் பந்து. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பந்து கண்ணில் பட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 35 நிமிஷம் வீதம் இரண்டு பாதிகளாக இருந்த ஆட்டம் 15 நிமிஷம் வீதம் நான்கு கால் பகுதிகளாக மாறியது. விளம்பரத்துக்கும் இடம் கிடைத்தது. பெனால்டி கார்னர் கொடுத்தால் 40 விநாடி கடிகாரம் நிற்கும். தடுப்பவர்கள் முகமூடி மாட்டுவார்கள், கேமரா நெருங்கும், உங்களுக்கும் 'ஏதோ நடக்கப்போகுது' என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஷூட்அவுட். முன்பு சமநிலை என்றால் பெனால்டி ஸ்ட்ரோக். 2011-லிருந்து, 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒரு வீரர் பந்தோடு ஓடி வருவார். 8 விநாடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்ற வேண்டும். விதி எதுவும் தெரியாதவருக்கும் இது புரியும். இரண்டு பேர், ஒரு கடிகாரம், அவ்வளவுதான்.

ஸ்ரீஜேஷின் புகழை இந்த விதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பாரிஸ் 2024 காலிறுதி, ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மதியம். அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஆட்டத்தின் பெரும்பகுதியை இந்தியா பத்துப் பேரோடு ஆடி பிரிட்டனை 1-1 என்று நிறுத்தியது. ஷூட்அவுட்டில் 4-2. ஜியோசினிமாவில் இலவசம், விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டு நேரம். ஹாக்கிக்கு இப்படி ஒரு நேரம் அமைவது அபூர்வம். நான்கு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடியும் வெண்கலம். அதோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு. அவருடைய 16-ம் எண் ஜெர்சியை சீனியர் அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? கோல்கீப்பரின் முகம் ஹெல்மெட்டுக்குள் மறைந்திருக்கும். டிவிக்கு முகம் வேண்டும். ஸ்ரீஜேஷ் என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் படம் அநேகமாக ஒரு கோல் தடுப்பு கிடையாது. ஆட்டம் முடிந்தபின் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படம்தான்.

அப்புறம் ஏன் கேரளத்தில் ஹாக்கி பரவவில்லை?

இங்கேதான் கதை திரும்புகிறது. ஸ்ரீஜேஷை டிவி உருவாக்கவில்லை. எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பையன், 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தான். ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று இருந்தவனைக் கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தியது அங்கிருந்த பயிற்சியாளர்கள். கோல்கீப்பர் கிட் வாங்க அப்பா பசுவை விற்ற கதை நீங்கள் கேள்விப்பட்டதுதான். இதில் எங்கேயும் டிவி இல்லை. ஒரு அரசுப் பள்ளி, ஒரு விடுதி, உன்னிப்பாகப் பார்க்கத் தெரிந்த பயிற்சியாளர்கள்.

டிவி அவர் கதையின் கடைசியில்தான் வந்தது. அதைப் பார்த்து 'நானும் ஆடணும்' என்று நினைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த நாள் காலை என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. இன்றைய ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்படுவது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்தே அப்படித்தான். தென்கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுக்காக அமைத்த கொல்லம் ஆசிராமம் மைதானம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். கால்பந்துக்குத் தெருமுனை போதும், கிரிக்கெட்டுக்கு மொட்டை மாடி போதும்; ஹாக்கிக்கு ரயில் ஏற வேண்டும்.

அதே தேசிய விளையாட்டுக்காகத் திருவனந்தபுரத்தில் கட்டிய இன்னொரு மைதானத்தைப் பாருங்கள்: டெக்னோபார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் கார்யவட்டம் கிரீன்ஃபீல்டு. இப்போது அது பெரும்பாலும் கிரிக்கெட் மைதானம். 2017-லிருந்து சர்வதேச ஆட்டங்கள் நடக்கின்றன. கேரளம் ஒரு காலத்தில் கிரிக்கெட்டுக்கும் வெளியூர்தான். டெஸ்ட் ஆடிய முதல் கேரள வீரர் டினு யோஹன்னான் வந்ததே 2001-ல். பிறகு ஸ்ரீசாந்த், பிறகு விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து சஞ்சு சாம்சன். 2024-25 சீசனில் கேரளம் முதல் முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனது. 2024 செப்டம்பரில் ஆறு அணிகளோடு கேரளா கிரிக்கெட் லீக் தொடங்கியது, எல்லா ஆட்டமும் கிரீன்ஃபீல்டில்.

ஒரே மாநிலம், ஒரே டிவி. கிரிக்கெட்டுக்கு அது வேலை செய்தது, ஹாக்கிக்கு ஏன் செய்யவில்லை? என் பார்வையில் முக்கியக் காரணம் தொடர்ச்சி. கிரிக்கெட் கிட்டத்தட்ட தினமும் திரையில் இருக்கிறது. அதோடு சேர்ந்து வயநாடு கிருஷ்ணகிரி வரை மாநிலச் சங்கம் மைதானம் கட்டியது. ஹாக்கியோ நான்கு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி.

லீக்குகளின் வரலாற்றைப் பாருங்கள். பிரீமியர் ஹாக்கி லீக் 2005-ல் தொடங்கி 2008-ல் நின்றது, ஐ.பி.எல். பிறந்த அதே வருஷம். 2012-ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி, ஒரே சீசன். 2013-ல் ஹாக்கி இந்தியா லீக், 2017-ல் நின்றது. பிறகு ஏழு வருஷ இடைவெளி. 2024 டிசம்பரில் மறுபடி. ஒரு ரசிகர் ஒரு அணியோடு ஒட்டுவதற்குள் அணியே காணாமல் போய்விடுகிறது. சென்னைக்கு முதலில் வீரன்ஸ், அப்புறம் சீட்டாஸ், இப்போது தமிழ்நாடு டிராகன்ஸ். கேரளத்துக்கு இந்த லீக்குகளில் ஒரு அணி கூட இருந்ததில்லை. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு என்று மஞ்சள் சட்டை போட்டு அரங்கத்தை நிரப்பும் மாநிலத்தில், ஹாக்கிக்குக் கத்துவதற்கு ஓர் அணி இல்லை.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கை சோனி ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என நான்கு மொழி வர்ணனையோடு கொடுத்தது. கடைசி நிமிஷத்தில் காப்பாற்றியவர் மலையாளி. மலையாளத்தில் வர்ணனை இல்லை. விதிகள் புரியாத ஆட்டத்துக்கு வர்ணனைதான் வாத்தியார். வாத்தியார் பேசும் மொழி புரியவில்லை என்றால் எப்படி? ஐ.எஸ்.எல்.லுக்கும் ஐ.பி.எல்.லுக்கும் மலையாள வர்ணனை வந்த காலத்தில்தான் இந்த நிலை.

பணம் எங்கே போகிறது?

குரூப்எம் அறிக்கைப்படி, 2023-ல் இந்திய விளையாட்டுத் துறையில் ஸ்பான்சர்ஷிப், விளம்பரம் எல்லாம் சேர்த்துச் செலவான தொகை 15,766 கோடி ரூபாய். அதில் 87% கிரிக்கெட்டுக்கு. மிச்சம் சுமார் 2,050 கோடியைத்தான் கால்பந்து, கபடி, பேட்மின்டன், ஹாக்கி எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஐ.பி.எல். 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது, 410 ஆட்டங்களுக்கு. ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி. அதாவது, கிரிக்கெட் தவிர்த்த மொத்த விளையாட்டுச் சந்தையின் ஒரு வருஷப் பணம், 17 அல்லது 18 ஐ.பி.எல். ஆட்டங்களுக்குச் சமம்.

இந்த இடத்தில் கபடியை எடுத்துக்காட்டுவது வழக்கம். 2014-ல் புரோ கபடியின் முதல் சீசனே 43.5 கோடிப் பார்வையாளர்களைத் தொட்டது, ஐ.பி.எல்.லுக்கு அடுத்த இடம். மேட், லைட்டு, 30 விநாடி ரெய்டு என்று டிவிக்காகவே ஆட்டத்தைச் செதுக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் கபடி ஏற்கெனவே எல்லா ஊர்ப் பள்ளி மைதானத்திலும் இருந்தது, விதியும் எல்லோருக்கும் தெரியும். ஹாக்கிக்கு அந்த முன்பணம் கிடையாது. அதனால் கபடியோடு ஒப்பிடுவதை விட பிரிட்டனோடு ஒப்பிடுவதுதான் பயன்படும்.

2016 ரியோ, பெண்கள் இறுதி ஆட்டம். நெதர்லாந்துக்கு எதிராக 3-3. ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் மேடி ஹின்ச் ஒரு கோல் கூட விடவில்லை, பிரிட்டனுக்குத் தங்கம். பிபிசி இரவு 10 மணிச் செய்தியையே தள்ளிவைத்து ஒளிபரப்ப, 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஸ்ரீஜேஷ் கதையின் அதே சரக்குதான்: கோல்கீப்பர், 8 விநாடி, நாடே பார்க்கிறது. ஆனால் அடுத்த சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போக அங்கே ஊருக்கு ஊர் ஹாக்கி கிளப்புகள் இருந்தன. டிவி தட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தார்கள்.

நமக்குப் பக்கத்தில் கோவில்பட்டி அப்படியான இடம். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், அரியலூரைச் சேர்ந்த கார்த்தி இருவரும் 2022 ஆசியக் கோப்பை அணியில் ஆடினார்கள். 2007-க்குப் பிறகு பெரிய சர்வதேசப் போட்டியே பார்க்காத சென்னைக்கு 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி வந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் பாதி நேரத்தில் 1-3 என்று இருந்த இந்தியா 4-3 என்று வென்றது. கார்த்தி உள்ளூர்ப் பிள்ளையாக அணியில் இருந்தார். 2025 நவம்பர்-டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையோடு மதுரையிலும் நடந்தது. மதுரை இதுவரை ஹாக்கி ஊர் கிடையாது. ஆனால் இப்போது அங்கே டிவியில் தெரிந்த தரை டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய ஜூனியர் அணியின் பயிற்சியாளர் யார் என்று கேட்டால், முதல் கேள்விக்குச் சொன்ன அதே பேர்தான்: ஸ்ரீஜேஷ்.

அவரைக் கேரளம் கொண்டாடாமல் இல்லை. பாரிஸ் வெண்கலத்துக்கு 2024 அக்டோபர் 30-ல் திருவனந்தபுரம் ஜிம்மி ஜார்ஜ் அரங்கில் விழா எடுத்து, முதல்வர் கையால் 2 கோடி ரூபாய் கொடுத்தார்கள். வீரருக்குப் பரிசு கொடுப்பதில் நம் மாநிலங்கள் இப்போது நன்றாகவே தேறிவிட்டன. 2 கோடியைக் கையில் கொடுப்பதும், ஒரு மாவட்டத்துக்கு ஒரு புல்தரையும் ஒரு பயிற்சியாளரும் கொடுப்பதும் வேறு வேறு கணக்குகள். முதலாவது கேமராவில் தெரியும், இரண்டாவது தெரியாது.

அடுத்த சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. 2026 ஆகஸ்ட் 15 முதல் 30 வரை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. செப்டம்பர், அக்டோபரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டு. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் உலகக் கோப்பை இது. கோல் கம்பத்துக்கு நடுவே மலையாளி இல்லாத இந்திய அணியின் ஆட்டத்துக்கு, திருவனந்தபுரத்தில் எத்தனை வீட்டில் சேனலை மாற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும், இத்தனை நாள் அவர்கள் பார்த்தது ஹாக்கியையா, ஸ்ரீஜேஷையா என்று.